மூன்றாவது தூணுக்குப் பின்னால்

“மூணாவது தூணுக்குப் பின்னாலதானே நிக்குது, மா?”

சுகுமாறன் அண்ணன் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

அவருக்கு முப்பத்தைந்து வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மசாஜ் கடையில் வேலை. ஞாயிறு மதியம் ஓர் உணவுக்கடையின் மாடியில் அவரும் என் நண்பன் ரிஷியும் நானும் கதை ஆட்டம் ஆடக் கூடுவோம். நான் கதையை நடத்துவேன். அவர்கள் ஆளுக்கொரு வீரராகி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அந்த ஒரு நாள்தான் நாள்.

அவருடைய வீரர் மாரியாயி என்ற ஈட்டிக்காரி. “ஆம்பளையா ஆடுனா என்னண்ணே?” என்று ரிஷி சீண்டுவான். “டெய்லி ஆம்பளையாத்தானே இருக்கேன், போரடிக்குது லா,” என்பார். இரண்டு வருடமாக மாரியாயி சாகவில்லை. அவள் பட்ட காயம் ஒவ்வொன்றும் எந்தத் தோளில், எந்த முழங்காலில் என்று அவருக்கு மனப்பாடம்.

அட்டையில் நூல் ஒட்டிக் கட்டங்கள் போட்டிருந்தேன். விரலால் தடவி யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார். கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கு மட்டும் அட்டையில் பொம்மை கிடையாது. அது நிற்கும் கட்டம் என் நோட்டில் இருக்கும். அதன் முறை வரும்வரை நகரக் கூடாது. ரிஷி கண்ட கட்டத்தில் எல்லாம் வாளை வீசுவான். அண்ணன் கேட்பார்: “தரையில தண்ணி கெடக்கா? பந்தம் எந்தப் பக்கம் சாயுது? மாவு மூட்டை இருந்தா அவுத்துக் கொட்டு, காலடி விழுதான்னு பாப்போம்.”

“உங்க காது வேற மாதிரிண்ணே,” என்றான் ரிஷி ஒருமுறை.

“என் காதுக்கு என்னடா? நீ எதையும் கேக்கவே மாட்டேங்கிற.”

அந்த ஞாயிறு நான் கொண்டுவந்த, கண்ணுக்குத் தெரியாத பேயை உருவாக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இரண்டு மணி நேரமாவது தேடி அலைவார்கள் என்று நம்பியிருந்தேன். அவர் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். என் நோட்டிலும் மூன்றாவது தூண்தான்.

“குத்திப் பாருங்கண்ணே,” என்றேன்.

இருபது முகப் பகடையை உருட்டினார். “பத்தொம்போது,” என்று ரிஷி படித்தான். அருமையான குத்து.

“அந்தக் கட்டம் காலிண்ணே. அங்க ஒண்ணுமில்ல.”

சொல்லிவிட்டு, நோட்டில் இருந்ததை அழித்து, மாரியாயியின் முதுகுக்குப் பின்னால் இருந்த கட்டத்தை எழுதினேன். பேய் அங்கிருந்து இரண்டு முறை அடித்தது. மாரியாயி செத்துப்போனாள். அண்ணன் அவள் பொம்மையைத் தேடி எடுத்து அட்டையில் படுக்கவைத்தார்.

“பரவால்ல. நான்தான் எங்கயோ தப்பாக் கேட்டுட்டேன்.”

கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் பிடிக்க, என் முழங்கையைப் பிடித்தபடி ஸ்டேஷனுக்கு நடந்தார். சிக்னலில் நின்றபோதும் அதே யோசனைதான். “பந்தம் எடது பக்கம் சாயுதுன்னுதானே சொன்ன? அப்புறம் எங்க விட்டேன்?”

“நீங்க விடலண்ணே. அது அங்கதான் நின்னுச்சு. நான் மாத்திட்டேன்.”

“ஏன் மா?”

“சீக்கிரம் முடிஞ்சிருமேன்னு.”

வாகனங்கள் நின்றன. அவர் என் முழங்கையிலிருந்து கையை எடுத்தார். பையிலிருந்த மடக்குக் கோலை விரித்து, தரையைத் தட்டிக்கொண்டு தனியாகச் சாலையைக் கடந்து போனார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி ஆட்டம் நடத்தினால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.