மாதா வரும் கதவு

ஜெயசீலி எதையும் ஒரு தடவை பார்த்து நம்பியதில்லை. மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும், டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும், சில நாள் கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்வார்கள். பிறர் தன்னைச் சந்தேகப்படுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்தக் கண் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துத்தான் இறக்கச் சொல்வாள். மீன்காரி தராசைத் தூக்கினால் தட்டின் அடியைப் பார்ப்பாள். வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊரில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘செக்கிங்’ என்று பெயர்.

அந்தக் கண் ஒருநாள் மகள் சுகந்தியின் தண்ணீர் பாட்டிலில் போய் நின்றது. காலையில் நிரப்பிக் கொடுத்தது சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. ஏழாவது படிக்கிற பெண். நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டார்கள். ஆறியதும் மறுபடி வந்தது. “இஸ்கூல்ல பாத்ரூம் போவமாட்டேன்” என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா, செய்தார்களா என்று கேட்டால் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடம் அது. பெண்கள் கழிப்பறை பின்பக்கம். அதற்கு எதிரே மதிலில் ஓர் இரும்புக் கதவு. கதவைத் தாண்டினால் சாராயக்கடை. ஜெயசீலிக்கு அதற்குமேல் தூக்கம் வரவில்லை. புதிதாக வந்த வாட்ச்மேன் இருசப்பனைப் போகும்போதும் வரும்போதும் முறைத்தாள். “எம்மா, என் மூஞ்சில இன்னா எழுதியிருக்குது?” என்று அவர் கேட்டே விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிப் பாதுகாப்புக்கென்று பணம் வந்தது. எதை வாங்குவது என்று பெற்றோர் குழு பேசி முடிவெடுக்க வேண்டும். யாரும் வலியப் போய்ச் சேராத குழுவில் ஜெயசீலி வலியப் போய்ச் சேர்ந்தாள்.

கூட்டம் ஏழாம் வகுப்பு அறையில் நடந்தது. பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை ஸ்டெல்லா சிஸ்டர் பாண்டியிலிருந்து கேமரா கடைக்காரன் அரிகரனை வரவழைத்திருந்தார். அவன் லேப்டாப்பில் காட்டிக்கொண்டே போனான். முன்வாசல், வராண்டா, ஆபீஸ் ரூம், சைக்கிள் ஸ்டாண்டு. அத்தோடு மூடப் போனான்.

“பின்பக்கம்?” என்றாள் ஜெயசீலி.

“லேடீஸ் டாய்லெட் பக்கம் கேமரா வைக்கக் கூடாதுக்கா. நாளைக்கு எம்மேலதான் கேஸ் வரும்.”

“டாய்லெட்ட யாரு பாக்கச் சொன்னா தம்பி? அதுக்கு முதுவ காட்டி, கதவ பாக்கற மாதிரி வையி.”

அரிகரன் சிஸ்டரைப் பார்த்தான். சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் எதையோ பார்த்தார்கள். அத்தனை பார்வையையும் ஜெயசீலி குறித்துக்கொண்டாள். பேசி வைத்திருக்கிறார்கள்.

“சைக்கிளுக்குக் கேமரா. பொம்பளப் புள்ளைங்களுக்குக் கெடையாது. யாரக் காப்பாத்துறீங்கோ சிஸ்டர்?”

பக்கத்தில் இருந்த தேவி அவள் தொடையைக் கிள்ளினாள். “வுட்டுடுடி ஜெயா.”

“ஏன் வுடணும்? உன் வூட்டு ஆளா?”

திருவிழாக் கமிட்டி அருள்தாஸ்தான் தொண்டையைக் கனைத்தார்.

“அது மாதா வர்ற கதவும்மா. திருவிழா அன்னிக்கு சப்பரம் அதுவழியாதான் உள்ள வரும். சப்பரம் தூக்கற செட்டுக்கு எவன் தலைவனோ, அடுத்த திருவிழா வரைக்கும் சாவி அவங்கிட்ட. இது உனக்குத் தெரியாததா?”

“தெரியும். இந்த வருஷம் யாரு...”

அவள் வாய் அங்கேயே நின்றது. இந்த வருடத் தலைவர் ஃபிராங்க்ளின். அவள் கணவர். சாவி வீட்டில் மாதா படத்து ஆணியில் தொங்குகிறது. அந்த வீட்டில் அவள் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

அரிகரனை டீ குடித்து வரச் சொல்லிவிட்டு சிஸ்டர் மெதுவாகப் பேசினார். “பெயின்ட் வேலை இல்லாத நாள்ல சாப்பாட்டு பெல்லுக்குக் கதவத் தொறக்கறார். பின்னாடியே நாலு பேர் வர்றாங்க. சாராயக்கடைக்கு ரோட்டைச் சுத்தினா தூரமாம். பிள்ளைகள யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா சுகந்திய மத்த பசங்க, ‘கதவத் தொற, உங்கப்பா வர்றாரு’ன்னு ஓட்டறாங்க. நான் கேட்டா, ‘ஊரு குடுத்த சாவி’ன்றார். கேமரா வேணாம்னு சொன்னது நான்தான். உன் வீட்டு விஷயம் ஆபீஸ் டிவியில ஓட வேணாம்னு நெனச்சேன்.”

கம்பெனி வாசலில் கொண்டையை அவிழ்த்த நாட்களில்கூட அவளுக்கு இப்படிக் கூசியதில்லை.

“பூட்ட மாத்திட்டா முடிஞ்சிதுபா” என்றார் அருள்தாஸ். “நல்ல பெரிய பூட்டா வாங்குவோம்.”

“புதுப் பூட்டுச் சாவி யாருகிட்ட இருக்கும்?” என்றாள் ஜெயசீலி.

“வழக்கப்படி...” என்று தொடங்கியவர் மீதியை விழுங்கினார். அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“கதவ எடுத்துட்டுச் செவுரு வைங்கோ. கேமராவெல்லாம் அப்பறம் வாங்கலாம்.”

“மாதா எப்பிடி வருவாங்க?”

“ரோட்டால வரட்டும். அவங்களும் பொம்பளதான். கோச்சிக்க மாட்டாங்க.”

வீட்டில் ஃபிராங்க்ளின் மறுக்கவில்லை. சாவியை எடுத்து நீட்டினார். “குடிக்கத்தான் போனேன். வேற இன்னா பண்ணிட்டேன்?”

“டூப்ளிகேட் எங்க?”

“ஒண்ணே ஒண்ணுதான், சத்தியமா.”

“போன வருஷத் தலைவன் பண்ணி வச்சது? அதுக்கு முன்னாடி இருந்தவன்?”

அவர் தலையைச் சொறிந்தார். பேசியது சுகந்தி. “உனக்குத் தெரியும்னு நெனச்சேம்மா. நீதான் எல்லாத்தையும் பாப்பியே. தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லலன்னு நெனச்சேன்.”

ஜெயசீலி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திருவிழாக் கமிட்டி முணுமுணுத்தது. சுவர்தான் என்று பங்குச் சாமியார் கோயிலில் அறிவித்த பிறகுதான் அடங்கியது. சுவர் எழும்பிய நாளில் ஜெயசீலி லீவு போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். கலவையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். மேஸ்திரி முடிந்தது என்றதும் இருசப்பனை ஏறிக் காட்டச் சொன்னாள்.

“என்னியா?” என்று வேட்டியை மடித்துக் கட்டியவர், முக்கி முனகி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“இன்னும் ரெண்டு வரிசை வைங்க மேஸ்திரி” என்றாள்.

பொழுது சாய்ந்ததும் ஃபிராங்க்ளின் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. வாசலில் வந்து நின்று, ரோட்டைச் சுற்றித்தான் போகிறாரா என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.