உதிரிப் புகையிலைக்குப் படம் கிடையாது

சனிக்கிழமை காலை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சாமியானா. உள்ளே மேஜை, ஒரு மனு, நாலைந்து பேனா. அந்த மனுவின் தமிழைச் சரிபார்த்த பாவத்துக்காக நானும் போயிருந்தேன்.

புகையிலையைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. போட்டதை முழுசாகச் செய்யுங்கள் என்று அரசாங்கங்களைக் கேட்கும் சுகாதார அமைப்புகளில் ஒன்று கையெழுத்து வாங்க வந்திருந்தது. கூடவே இலவச வாய்ப் பரிசோதனை. மனுவில் இருந்த கரடுமுரடுகளை இழைத்துக் கொடுத்த பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். காகிதத்தில் எல்லாமே தூரத்தில்தானே இருக்கிறது... எங்கோ ஒரு நகரம், நீள மேஜை, வரிசையாகக் கொடிகள்.

கன்னியம்மா வந்தார். எங்கள் நிலத்துக்கு நடவு நட வரும் பெண்களுக்கு அவர்தான் தலைவி.

"இன்னா சார், ஓட்டு கேக்கிறியா? எந்தக் கட்சி?"

"உலகக் கட்சி" என்றேன்.

"அப்ப பிரியாணி உண்டா?"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அமைப்பிலிருந்து வந்திருந்த ரேவதி, புகையிலை பாக்கெட்டில் அச்சாகும் புற்றுநோய் எச்சரிக்கைப் படத்தை அவரிடம் நீட்டினாள்.

"இந்தப் படத்தை எல்லா நாட்டுலயும் பெருசா போடணும்னுதாம்மா கேக்கறோம். நீங்க பாத்திருப்பீங்களே?"

"பாக்கெட்டை நான் எங்க கண்டேன்மா? கட்டுலேர்ந்து பிச்சி, பேப்பர்ல சுத்திக் குடுப்பான் கடைக்காரன்."

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றது.

"இது... என் வாய் மாரியே கீதே."

ரேவதி டார்ச் அடித்துப் பார்த்தாள். இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு. நடுவில் ரணம்.

"போன அறுப்புலேர்ந்து எரியுதும்மா. புகையிலையை அது மேலயே அடக்கிக்குவேன். மரத்துப் பூடும்ல? வலி தெரியாது."

புண்ணைத் தந்ததே புண்ணுக்கு மருந்தா!

"ஏன் இவ்ளோ நாள் சொல்லல?" என்றேன். பயம் பல நேரம் அதட்டலாகத்தான் வெளியே வரும்.

"இன்னா சார் நீ... சேத்துல எறங்குனா மத்தியானம் வரைக்கும் பசி தெரியக் கூடாதுன்னு நீதான தட்டுல வச்சிக் குடுக்கிற?"

நேரம் கேட்டால் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

நடவு தொடங்கும் காலையில் வரப்பில் தாம்பாளம் வைப்போம். வெற்றிலை, பாக்கு, புகையிலை. அதைக் கொடுக்காமல் சேற்றில் கால் வைக்கச் சொல்வது மரியாதை இல்லை — அப்படித்தான் பழகியிருக்கிறேன். எத்தனை போகம், எத்தனை தாம்பாளம்! புகையிலைக் கம்பெனிகளைத் திட்ட வார்த்தை தேடிய அதே கையால்...

அப்போதே காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கால் அந்தத் திட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார் கன்னியம்மா.

"அறுப்பாங்களா சார்? வாய் கோணிக்கினா என் பேத்தி கிட்டயே வராது."

வெளியே நாற்றங்கால்கள் ஓடின. அந்தப் பச்சையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். புதன்கிழமை ரிசல்ட். இதை எழுதுவது செவ்வாய். சற்றுமுன் போன் செய்தார். புகையிலையை விட்டுவிட்டாராம். இப்போது வலி முழுசாகத் தெரிகிறதாம்.

"நான் வராட்டியும் தாம்பாளத்தை மறந்துடாத சார். பொம்பளைங்க கோச்சிக்கும்."

"இனிமே புகையிலை கிடையாது. வேர்க்கடலையும் வெல்லமும் வைக்கிறேன்."

"மெல்றதுக்கு வாய் வேணுமே சார்!"

சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்... முடியவில்லை.

புதன்கிழமை சீக்கிரம் வரட்டும் என்று சொல்லவும் பயம். வராமலே போகட்டும் என்று சொல்லவும் பயம்.