பொட்டில்லாத நெற்றி

அவள் போன பிறகு என்னிடம் மிஞ்சியது ஒரு தலை. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. தோள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாகச் சில கோடுகள், அவ்வளவுதான். வெள்ளானூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் ஓவியர், பெரிய படம் ஒன்றுக்கு ஒத்திகையாக என் மனைவியின் தலையை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பார்த்தார். மே மாத வெயில். வேர்வையைத் துடைத்துத் துடைத்து அவள் பொட்டு போய்விட்டிருந்தது.

"பொட்டில்லாம போட்டுடாதீங்க சார், எங்க அண்ணன் சண்டைக்கு வந்துடுவாரு."

"அதக் கடைசியில வச்சுக்கலாம்மா."

அந்தக் கடைசி வரவில்லை. அதே மாதம், ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில், என் தோளில் சாய்ந்தபடியே அவள் மூச்சு நின்றுபோனது.

கைபேசியில் அவள் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் கைபேசியைப் பார்த்துச் சிரிக்கிறாள். இதில் மட்டும்தான் வேறெங்கோ பார்க்கிறாள். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணிக்கொண்டு, உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்பதுபோல் பாவனை செய்துகொண்டு. நான் குடித்தனம் நடத்தியது அந்த முகத்தோடு.

அவள் போன மறுவாரம் படத்தைக் கொண்டுவந்து தந்தபோதே ஓவியர் சொன்னார்: மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம், மாசக்கணக்கில் ஆகும், விரல் படக்கூடாது.

கருமாதியன்று வேப்பம்பட்டிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். நான் வாசலில் இலைக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே படத்துக்கு முன்னால் அவர் குரல்.

"இன்னா மாப்ளே இது? சுமங்கலியா போனவ, நெத்தி வெறிச்சோன்னு கீது?"

"மச்சான், தொடாதீங்க..."

அதற்குள் குங்குமம் தோய்ந்த கட்டைவிரலை அழுத்திவிட்டார். சுடுகாட்டுக்குத் தூக்கும் முன் அவள் நெற்றியில் வைத்தாரே, அதே அழுத்தம். வண்ணத்தின் தோல் கிழிந்து நெற்றி விரலோடு வந்தது. பதறிப்போய்த் தோள்துண்டால் துடைத்தார். புருவம் போனது. துடைத்தார். இடது கண் போனது.

"ஐயோ மாப்ளே, அழிஞ்சிகினே போவுதே!"

துண்டை விரித்துப் பார்த்து அழுதார், எல்லோர் முன்னாலும், சின்னப் பிள்ளை மாதிரி. பரவால்ல மச்சான், பரவால்ல என்று நான்தான் தேற்றினேன். பந்தியில் சாம்பார் கேட்டார்கள்.

சாப்பாடு முடிந்து ஓவியர் படத்தைப் பார்த்தார். "ஒரு போட்டோ குடுங்க, கண்ண மறுபடி போட்டுடலாம்." எந்தப் போட்டோவைக் கொடுப்பது? வேண்டாம் சார் என்றேன்.

படம் இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. மச்சான் வரும்போதெல்லாம் அழிந்த இடத்தின்மேல் புதுப் பொட்டு வைக்கிறார். "இப்பத்தான் நம்ம பொண்ணு மாரி கீது" என்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.

காலையில் குக்கர் வைத்துவிட்டு வந்து அதன் எதிரில் நிற்கிறேன். மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வருவதெல்லாம் கைபேசிக் கண், சிரிக்கிற கண். விசில் அடிக்கிறது, இன்னொன்றும் அடிக்கிறது. எண்ணுவதற்கு ஆளில்லை. சோறு குழைந்துபோகிறது.