இரண்டு பொட்டலம்

"புள்ளய வெள்ளிக்கிழம பூசைக்கு இட்டுக்கினு போடி. நாலு நல்லது கத்துக்கும்" என்று என் மகளைக் காட்டி அம்மா இப்போதும் சொல்கிறாள். அதைச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ! நான் அங்கே கற்றது அவளுக்குத் தெரியாதா என்ன?

வடக்கனந்தலில் எங்கள் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் நான்தான். ராசியான கை என்று பெயர். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அக்கா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். கள்ளக்குறிச்சிக்குப் போய் நர்சிங் படிக்கத் துடித்தாள். கல்யாணம்தான் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அம்மா அக்கா பக்கம் பேசினாள். "ஆத்தாவயே கேட்டுடலாம். வெள்ள வந்தா படிப்பு, செவப்பு வந்தா கல்யாணம்" என்று அவள்தான் வழி சொன்னாள். பூவை மடித்ததும் அவள்தான்.

"வெள்ளய எடுடி, என் செல்லம்ல" என்று அக்கா என் காதில் கெஞ்சினாள். கண்ணை மூடி அம்மனை வேண்டிக்கொண்டு எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. அந்த வெள்ளைப் பூவையாவது அவளுக்குக் கொடுக்கலாம் என்று மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளி.

"ரெண்டுமே செவப்பு!" என்று கத்தினேன்.

அப்பா திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். "இன்னாம்மா இது?" என்றார் பூசாரி.

அம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை. "நான் வெள்ளதாங்க வச்சேன். இவதான் கீழ கெடந்த செவப்ப எடுத்து மாத்திட்டா. சாமி பூவோட வெளையாடிக்கினே இருப்பா" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அடிப்பாவி! ஏழு வயதுக் குழந்தை நான். பெற்றவளே பொய் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வது? அம்மன் முகத்தைப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமுமாகச் சும்மா இருந்தாள்.

"ஆத்தா சொன்னது சொன்னதுதான்" என்று பூசாரி திருநீறு கொடுத்தார்.

கல்யாணத்தன்று மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். "நீ பூவத் தொடாத" என்றாள். அம்மா அதை என்னிடமிருந்து வாங்கி அவள் தலையில் வைத்தாள். அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள்.