முதலாளி சாப்பிடும் நேரம்

என் அண்ணனுக்குப் பார்ப்பதுதான் வேலை. ஒரு பெரிய வணிக வளாகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், சுவர் முழுக்கத் திரைகள். கடை வாசல், படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் எல்லாம் அதில் ஓடிக்கொண்டிருக்கும். யார் எதை எடுத்துப் பைக்குள் போடுகிறார்கள் என்று பொழுதுக்கும் பார்த்துக்கொண்டே இருப்பான். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஆந்தை. பொருத்தமான பெயர்தான். இமைக்காமல் பார்க்கிற அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் அவன் கூடவே வந்துவிடும்.

அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனது. பிள்ளை குட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் கதவைத் திறந்து, "வா பாப்பா" என்பான். எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவனுக்கு இன்னும் பாப்பாதான். அதற்குப் பிறகு நான் பேசினால் உண்டு, இல்லையென்றால் ஃபிரிட்ஜின் இரைச்சல்தான். சமையல் மேடை ஓரமாக நின்றபடியே சாப்பிட்டு, நின்றபடியே தட்டைக் கழுவி வைப்பான். உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன என்றால், யாரோடு என்று கேட்பான்.

அந்த வளாகத்தில் செல்லப்பிராணிகள் விற்கிற கடை ஒன்று இருந்தது. வியாபாரம் படுத்துவிட்டது, கடையை மூடினார்கள். நாய்க்குட்டி, பூனை, மீன் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது, இகுவானாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஓணானைக் கை நீளத்துக்கு இழுத்து, பச்சை அடித்து, முதுகில் ஒரு சீப்பையும் ஒட்டவைத்தால் அதுதான் இகுவானா. அண்ணன் அதைத் திரையில் ரொம்ப காலமாகப் பார்த்து வந்திருக்கிறான். காலையில் கடை திறக்கும் முன்னால் அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்குமாம். தெரிந்த முகம், எப்படி விட்டுவிட்டு வருவது என்று போனில் கேட்டான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாயே என்று திட்டினேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது, அதனால் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது, அண்ணியின் தையல் மெஷின் இருந்த மூலையில் கம்பிவலைக் கூண்டு நின்றது. உள்ளே ஏறிக்கொள்ள ஒரு மரக்கிளை, சூட்டுக்கு ஒரு விளக்கு, வெயிலுக்குப் பதிலாக இன்னொரு விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் அதற்கு உதவாதாம். கடையில் வருகிறவர் போகிறவர் எல்லாம் ரொட்டியும் பிஸ்கட்டும் போட்டுக் கெடுத்து வைத்திருந்தார்கள். இலைதழை தின்கிற பிராணிக்கு அது விஷம் மாதிரி என்று மிருக டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் அண்ணன் கீரையைப் பொடியாக நறுக்கி, பூசணியைத் துருவிப் போட்டு, மேலே ஒரு செம்பருத்தி இதழ் வைத்து நீட்டினான். தனக்கு ஒரு வெங்காயம் நறுக்கச் சோம்பல்படுகிறவன். அதற்கு முதலாளி என்று பெயர் வேறு.

முதலாளி எதையும் தொடவில்லை. நாளாக ஆக உடம்பு வற்றி, வால் தொடங்கும் இடத்தில் எலும்பு தெரிந்தது. அண்ணன் கூண்டுக்கு நேரே நாற்காலியைப் போட்டு, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடு முதலாளி, ஒரு வாய் சாப்பிடு என்று கெஞ்சினான். அது செத்தால் இவன் எனக்கும் கதவைத் திறக்க மாட்டான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கூண்டையே தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் இகுவானாவை அதிகம் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார்.

"சார், நீங்க எப்பவும் இப்படித்தான் பாப்பீங்களா? தன்னைத் திங்க வர்றதுதான் இப்படி நேருக்கு நேரா உத்துப் பாக்கும்னு அது நினைக்குது. தீனி மாறியிருக்கு, இடம் மாறியிருக்கு, போதாததுக்கு உங்க கண்ணு. கூண்டுல பாதியத் துணி போட்டு மறைங்க. கொஞ்ச நாள் அத விட்டுடுங்க. இந்த வாரமும் சாப்பிடலன்னா குழாய் வெச்சுதான் ஊட்டணும், அதையும் தாங்குமான்னு சொல்ல முடியாது."

விடுகிற ஆளா அவன்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். வேலையிடத்தில் கழித்துப் போட்ட கேமரா ஒன்றை அலமாரி மேல் மாட்டினான். மறுநாள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பேருந்தில் உட்கார்ந்து போனில் பார்த்திருக்கிறான். முதலாளி துணிக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்து, கீரையை ஒரு கவ்வு கவ்வியது. அன்று மாலை வீடு திரும்பி அவன் கூண்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததும், மறுபடி வாயை மூடிக்கொண்டது. சாப்பிட்டதே நல்ல சேதிதானே என்றேன் நான் போனில்.

"நான் இல்லாதப்பதான் சாப்பிடுது, பாப்பா" என்றான்.

அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. துணைக்கென்று ஒன்றைக் கூட்டிவந்தால் அதுவும் இவனை வெளியே போ என்கிறதே. அப்போதுதான் அண்ணியின் நினைவு வந்தது.

"அண்ணியும் நீ பாத்தா சாப்பிட மாட்டாங்களே. வாயையே பாக்குறாருன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப்பாங்க. ஆனா எழுந்து போனாங்களா? உன் முதுகுல சாஞ்சுதானே உக்காந்து சாப்பிட்டாங்க?"

அவன் போனை வைத்துவிட்டான். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிறு போனபோது அலமாரி மேல் கேமரா இல்லை. நாற்காலியும் கூண்டுக்கு முன்னால் இல்லை. அண்ணன் கீரைத் தட்டைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, தன் தட்டோடு வந்து, கூண்டுக்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். என்னைச் சமையலறையை விட்டு வராதே என்று சைகை காட்டினான். எதிரே வெறும் சுவர். அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தான். அண்ணி போன பிறகு அவன் உட்கார்ந்து சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி அசைந்தது. பச்சைத் தலை எட்டிப் பார்த்தது, அண்ணனின் முதுகைச் சற்று நேரம் பார்த்தது, பிறகு கிளையிலிருந்து இறங்கியது. முதலில் செம்பருத்தி போனது, அப்புறம் கீரை. நறுக் நறுக்கென்று மெல்லும் சத்தம் சமையலறை வரை கேட்டது. அண்ணே என்று கூப்பிட வாயெடுத்தேன். அவன் இடது கையைத் தூக்கி என்னை அடக்கினான். தலை மட்டும் திரும்பவில்லை.

அவன் தட்டு எப்போதோ காலியாகிவிட்டது. முதலாளி இன்னும் முடிக்கவில்லை. அதனால் அவன் வெறும் தட்டில் கையை வைப்பதும் வாய்க்குக் கொண்டுபோவதுமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.