செதுக்காத பாத்தி

பிள்ளைகளே, பழைய ரொட்டியில் பூக்கிற பூசணத்துக்கு மண்ணுக்குள்ளும் உறவுக்காரர்கள் உண்டு. மண்ணின் மேல் வெயிலும் நிழலும் மாறினால் அவர்கள் கதி என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த உத்தியோகம். ஏழாம் வகுப்புப் படித்தவனுக்கு அதுவே பெரிது.

திங்கட்கிழமைதோறும் கோலாலம்பூரில் நான் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றுக்குப் போவேன். அங்கே இரண்டு பாத்திகள். ஒன்றில் புல்லைச் செதுக்கி மண்ணை மொட்டையாக வைத்திருந்தோம். மற்றதில் புல்லை வளரவிட்டிருந்தோம். இரண்டிலும் மண் எடுத்து, டின்னில் அடைத்து, கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் கஞ்சி ஊற்றிய கண்ணாடித் தட்டுகளில் தூவி, முளைக்கிற பூசணத்தை எண்ணுவேன். புல் நின்ற மண்ணில் வெள்ளை, பச்சை, கறுப்பு என்று விதவிதமாக வரும். மொட்டை மண்ணில் இரண்டொரு வகைதான்.

ஆனால் அந்தக் காலத்துத் தோட்டங்களில் புல் தெரிந்தால் கூலியாட்களை வேலை வாங்கும் கங்காணிக்குத்தான் அவமானம். கம்பெனி ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று சேதி வந்த வாரம் நான் போனபோது, மண்வெட்டியோடு பெண்கள் என் புல் பாத்தியில் இறங்கியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு முழம் ஏற்கெனவே போயிருந்தது. நான் நேரே நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"நகருங்கய்யா," என்றார் கங்காணி. "புல்லு நின்னா தொரை என்னைத் தோட்டத்தை விட்டே அனுப்பிடுவாரு."

"இது எட்டு மாச வேலை. மொதல்ல என் காலைச் செதுக்கச் சொல்லுங்க."

ஒரு பெண் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "இந்தப் புல்லு சட்டை போட்டிருக்கு, பேசவும் செய்யுது. இதையெல்லாம் நாங்க வெட்ட மாட்டோம் கங்காணி."

மற்றவர்களும் கையை நிறுத்தினார்கள். கங்காணி ஆளனுப்ப, தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரையே வந்துவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், பாத்திக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டது அவர்தான் என்றும், செதுக்க வேண்டுமானால் அதையும் எழுதிக் கொடுக்கட்டும் என்றும் சொன்னேன். அவர் எழுதித் தரவில்லை. ரோட்டிலிருந்து தெரிகிற பாதியை மட்டும் வழிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதை என்னால் தடுக்க முடியவில்லை. மீதிப் பாதியை விட்டு நான் நகரவில்லை.

அழித்த பாதியை நானும் சும்மா விடவில்லை. அன்றிலிருந்து இரண்டு டின்னுக்குப் பதில் மூன்று டின். புல் போன அந்த மண்ணில் வாரத்துக்கு வாரம் பூசண வகைகள் குறைந்துகொண்டே வந்ததைத் தட்டில் கண்கூடாகப் பார்த்தேன்.

அறிக்கையில், துரை உத்தரவால் பாதிப் பாத்தி செதுக்கப்பட்டது என்று எழுதினேன். துரையைப் பகைத்துக்கொள்ள வேண்டாமென்று ஆய்வுக்கூடத்து மேலதிகாரி அந்த வரியை எடுக்கச் சொன்னார். காரணத்தை எடுத்துவிட்டால், பூசணம் தானாகவே செத்தது என்றல்லவா படிக்கிறவன் நினைப்பான் என்று கேட்டேன். அவர் சிவப்பு மையால் அந்த வரியைத் தானே அடித்து, சுத்தப் பிரதி எழுதி வரச் சொன்னார்.

எழுதினேன், அந்த வரியையும் சேர்த்து.