ரேடியோவின் கைப்பேச்சு

நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு வீட்டில் பெயர் ரேடியோ. வைத்தவர் அவள் கணவர், கடிகாரம் பழுது பார்ப்பவர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அவருக்கு அதிகம். மீதியை அவளே பேசித் தீர்த்துவிடுவாள். மில்லில்தான் அவள் வாய்க்கு ஓய்வு. அந்த இரைச்சலில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், புது மருமகள் வாய்க்காரி, எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு சைகை உண்டு.

தொண்டையில் புற்றுநோய், அதுவும் முற்றிவிட்டது என்றதும் கணவர் ஆடிப்போய்விட்டார். டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

"குரல்வளையை எடுத்துடலாம். கழுத்துல துளை வழியா மூச்சு விடணும். சொந்தக் குரல் போயிடும், பிறகு வால்வு வெச்சுப் பேசப் பழகலாம். இல்லேன்னா ஏழு வாரம் கதிர்வீச்சும் கீமோவும். குரல் தங்கலாம். ஆனா உங்களுக்குக் குருத்தெலும்பையே அரிச்சிருக்கு. உங்க நிலைமைக்கு ஆபரேஷன்ல பிழைக்க வாய்ப்பு அதிகம்."

"கதிர்வீச்சே போதும்" என்றார் கணவர் அவசரமாக. "இவ குரல் இல்லாத வீட்டுல நான் எப்படி இருக்கறது?"

"நானே இல்லாத வீட்டுல எப்படி இருப்பீங்க?" கரகரத்த குரலில் ஒரே போடாகப் போட்டாள் அவள். "எடுத்துடுங்க டாக்டர். முப்பது வருஷமா கையாலயும் பேசறவ நான். இவருக்குத்தான் அது தெரியாது."

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. வீட்டில் பாடம் தொடங்கியது. கடிகாரத்தின் பொடித் திருகாணியைப் பிடிக்கிற விரல்கள், 'தண்ணீர்' என்று காட்டுவதற்குள் திணறிப்போயின. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளுக்குள் பயம்தான், இந்த மனுஷனிடம் இனி எப்படிப் பேசப்போகிறோம் என்று.

மயக்கம் தெளிந்தபோது கழுத்தைச் சுற்றிக் கட்டு. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. கட்டிலருகே நின்றிருந்த கணவர் தன் நெஞ்சில் இரண்டு முறை தட்டினார். அவளை நோக்கி விரல் நீட்டி, உள்ளங்கையை மெல்லக் கீழே அமர்த்தினார்.

மில்லில் ஒருத்தி வெளியே போகும்போது பக்கத்து மெஷின்காரி காட்டுகிற சைகை அது. 'நிம்மதியா போய்ட்டு வா, உன் மெஷினை நான் பாத்துக்கறேன்.' அவள் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து, மில் வாசலில் எட்டு நாள் நின்று அவள் தோழியிடம் கற்றிருக்கிறார் மனுஷன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

இப்போது வால்வு வைத்தாயிற்று. கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு ரேடியோ விடிந்ததிலிருந்து முழங்குகிறது. கணவருக்கு அந்தப் பத்து வார்த்தைக்கும் இடமில்லை. அவர் கடைக்குக் கிளம்பும்போது மட்டும் விரலை எடுத்துவிட்டு, நெஞ்சில் இரண்டு முறை தட்டுகிறாள்.